மேடைப்பதிவில் சாக்ஸபோன்: இசைத்தட்டில் உள்ளபடி ஊதுவதா, அன்று வந்தபடி ஊதுவதா?

பதிவு 1 – கடலோரக்காற்று

இந்த வாரம் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ஜங்கிள்லேண்ட்' பாட்டை மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலாவது, 1975 ஆகஸ்டில் வந்த 'பார்ன் டு ரன்' ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது, அதே வருடம் நவம்பர் 18 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பாடியது. மூன்றாவது, 2000ஆம் ஆண்டு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவாகி 2001இல் 'லைவ் இன் நியூயார்க் சிட்டி' என்ற பெயரில் வந்தது. மூன்றிலும் டெனர் சாக்ஸபோன் ஊதுபவர் ஒருவரே. கிளாரன்ஸ் கிளெமன்ஸ்.

ஸ்டூடியோவில் அந்தத் தனி வாசிப்பை முடிக்கப் பதினாறு மணி நேரம் ஆனது. ஸ்பிரிங்ஸ்டீன் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சங்கதியையும் திருத்தித் திருத்தி ஊதவைத்தார். தட்டில் நாம் கேட்பது அப்படிச் செதுக்கிச் சேர்த்த ஒன்று. சில மாதங்கள் கழித்து ஹேமர்ஸ்மித்தில் அதையே கிளெமன்ஸ் நின்ற நிலையில், வெட்டும் ஒட்டும் இல்லாமல், முழுதாக ஊதுகிறார். சங்கதிகள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் நீண்ட சுரங்களின் நுனி இங்கே கொஞ்சம் நடுங்குகிறது. அடுத்த வரிக்கு முன் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறார். என்னை இந்தப் பதிவு பிடித்துக்கொண்டது அந்த இடத்தில்தான்.

நியூயார்க் பதிவில் அவருக்கு வயது 58. வேகம் குறைந்திருக்கிறது. சுரங்கள் மாறவில்லை. முதல் சுரம் எழுந்ததும் அரங்கம் முழுவதும் ஆர்ப்பரிக்கிறது. இருபத்தைந்து வருடங்களாக அந்த வாசிப்பை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களின் சத்தம் அது.

ஆகவே என் கட்சி இது: ராக் மேடையில் சாக்ஸபோன்காரர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை, அன்றைக்கு மட்டும் ஊதக்கூடியபடி ஊதினால் போதும். நம் கர்நாடக சங்கீத மொழியில் சொன்னால், அந்த நேரத்துக் கற்பனையில் பிறக்கும் மனோதர்மத்தைவிட, முன்பே அமைத்துவைத்த கல்பிதமே இங்கே உயர்ந்தது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். எந்த ஆல்பத்தைச் சொல்கிறீர்களோ அதைக் கட்டாயம் கேட்பேன்.

பதிவு 2 – ஏழெண்ணம்

அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு ஹேமர்ஸ்மித் பதிவைக் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்த நடுக்கம் எனக்கும் கேட்டது. ஆனாலும் உங்கள் கட்சிக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு தட்டை இங்கே வைக்கிறேன்.

இங்கிலாந்து ராக் குழுவான கிங் கிரிம்ஸனின் 'எர்த்பவுண்ட்', 1972. அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணத்தின்போது கேசட் கருவியில் பிடித்த பதிவு. ஒலி அவ்வளவு மோசமாக இருந்ததால் அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் அதை வெளியிடவே மறுத்துவிட்டது. இங்கிலாந்தில் மலிவு விலைத் தட்டாக வந்தது. முதல் தடவை கேட்பவர்கள் தங்கள் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதென்று நினைப்பார்கள்.

அதில் மெல் காலின்ஸ் சாக்ஸபோன் ஊதுவதைக் கேளுங்கள். '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்' பாட்டின் மூலப்பதிவு 1969இல் வந்தது. அதில் ஊதியவர் இயன் மெக்டொனால்ட். காலின்ஸ் அந்தப் பழைய வாசிப்பைத் தொடுவதுகூட இல்லை. பாட்டின் இறுக்கமான பொதுச்சங்கதிகள் முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார். டிரம்ஸ்காரர் இயன் வாலஸ் பின்னாலேயே ஓடுகிறார். 'பியோரியா' என்ற பாட்டு அந்தப் பெயருள்ள ஊரின் மேடையிலேயே உருவானது. எழுதிவைத்தது ஒன்றுமில்லை, அன்றைக்கு வந்ததுதான் பாட்டு.

இதைத் தட்டில் உள்ளபடி ஊதியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தட்டின் மோசமான நகல். மேடைப்பதிவை ஒருவர் காசு கொடுத்து வாங்குவது வேறொன்று கேட்பதற்காகத்தானே?

பதிவு 3 – பழந்தட்டு

இரண்டு பேரும் 1970களில் நின்று பேசுகிறீர்கள். வேர் அதற்கு முன்னால் இருக்கிறது. நான் 1980களிலிருந்து தட்டுகள் சேர்ப்பவன் என்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போக அனுமதியுங்கள்.

ராக் இசைக்குள் சாக்ஸபோன் விருந்தாளியாக வந்ததல்ல. 1950களின் ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் நடுவே வரும் தனி வாசிப்பைப் பெரும்பாலும் டெனர் சாக்ஸபோனே செய்தது. கிட்டார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பிறகுதான். 1958இல் கோஸ்டர்ஸ் பாடிய 'யாக்கெட்டி யாக்' பாட்டில் கோழி கொக்கரிப்பதைப்போல ஊதியவர் கிங் கர்ட்டிஸ். கிளெமன்ஸ் தன் ஆசான்களில் ஒருவராகச் சொன்ன பெயர் அது.

கர்ட்டிஸின் மேடைப்பதிவு ஒன்று இருக்கிறது: 'லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்'. 1971 மார்ச் 5 முதல் 7 வரை, சான் பிரான்சிஸ்கோவில் ராக் ரசிகர்கள் கூடும் அரங்கத்தில் பதிவானது. பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்குப் பக்கவாத்தியக் குழுவை நடத்த வந்தவர், அவர் மேடைக்கு வருவதற்கு முன் தன் குழுவோடு வாசித்தது இது. ஆர்கனில் பில்லி பிரெஸ்டன், டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, பேஸில் ஜெர்ரி ஜெமாட், கிட்டாரில் கார்னெல் டுப்ரீ. தொடக்கமே ஒரு சமையல்குறிப்பு. 'மெம்ஃபிஸ் சோல் ஸ்ட்யூ' என்ற அந்தப் பாட்டில், இதில் இவ்வளவு பேஸ் வேண்டும், இவ்வளவு டிரம்ஸ் வேண்டும் என்று கர்ட்டிஸ் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாத்தியமாகச் சட்டியில் விழுகிறது. எல்லாம் கொதித்த பிறகே அவர் ஊத ஆரம்பிக்கிறார்.

ராக் பாட்டுகளையும் விடவில்லை. லெட் ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்', புரோக்கல் ஹாரமின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' இரண்டும் இதில் உண்டு. இரண்டாவதில் ராகத்தை ஏறத்தாழ மாற்றாமல் ஊதுகிறார். வாயசைவில் மட்டும் பாடகரின் உச்சரிப்பைக் கொண்டுவருகிறார். எங்கே 'ர' வருகிறது, எங்கே 'ல' வருகிறது என்றுகூடத் தெரிகிறது. கல்பிதமா, மனோதர்மமா என்று இதைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

அந்த ஆல்பம் கடைக்கு வந்த ஆகஸ்டிலேயே, 13ஆம் தேதி, நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் கத்திக்குத்துப்பட்டு இறந்துபோனார். வயது 37.

பதிவு 4 – புதுக்காது

வணக்கம். நான் இந்த இசைக்குப் புதியவன். எனக்குச் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் மட்டுமே. வீட்டில் அப்பா கேட்பார். அந்த வாத்தியத்தில் கமகமெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். நீங்கள் சொல்லும் பதிவுகளில் அதே கருவி ஏன் கத்துவதைப்போல, உறுமுவதைப்போல இருக்கிறது? கருவியே வேறா?

பதிவு 5 – டெனர்க்காரி

தம்பி புதுக்காது, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினெட்டு வருடங்களாக டெனர் ஊதுகிறேன். தேவாலயத்தில் தொடங்கியது, பிறகு திருமண மேடைகள், சில வருடங்கள் ஒரு ராக் குழுவும் உண்டு.

கத்ரி ஊதியது ஆல்டோ. ராக்கில் அதிகம் கேட்பது டெனர். ஆல்டோவைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கனமானது. உறுமல் கருவியில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. ஊதிக்கொண்டே தொண்டையால் ஒரு சுரத்தைப் பாடவேண்டும். பாடும் சுரமும் ஊதும் சுரமும் மோதும்போது அந்தக் கரகரப்பு பிறக்கிறது. ஐந்து நிமிடம் தொடர்ந்து செய்தால் மறுநாள் பேச முடியாது. கிங் கர்ட்டிஸ் காலத்திலிருந்து வருகிற முறை அது.

சரி, அது ஏன் தேவைப்பட்டது? அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி ராணுவ பேண்டுகளில் நன்றாகவே இடம்பிடித்தது. பித்தளையின் சத்தம் வேண்டும், குழல்வாத்தியத்தின் விரல்வேகமும் வேண்டும் என்று செய்தார். நம் நாகஸ்வரத்தைப்போலவே திறந்த வெளியில் கேட்கக்கூடியது. அப்படியிருந்தும் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்களுக்கு நடுவே நின்றால் தோற்றுப்போகும். எத்தனை தடவை தோற்றிருக்கிறேன்! உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காது. கேட்காதபோது உடம்பு தானாகவே அழுத்தி ஊதும், வாயில் வைக்கும் நாணல்பட்டையான ரீடைக் கடிக்கும், சுருதி மேலே ஏறும். மேடை விளக்கின் சூட்டில் ரீட் காய்ந்தால் சில சுரங்கள் கீச்சிடும். கடலோரக்காற்று சொன்ன நடுக்கத்துக்கு இப்படிப்பட்ட காரணங்கள் பல இருக்கக்கூடும். மூச்சு முடிகிற இடமாகவும் இருக்கலாம்.

பதிவு செய்பவருக்கும் தொல்லைதான். சாக்ஸபோனின் ஒலி அதன் மறுமுனையில் மணிபோல விரிந்த வாய் வழியாக மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கீழ்ச்சுரங்கள்தான் பெரும்பாலும் அப்படி வரும். மற்றவை திறந்திருக்கும் துளைகள் வழியாக உடல் முழுவதிலிருந்தும் வரும். மைக்கை அந்த விரிந்த வாய்க்குள் செருகினால் டிரம்ஸ் சத்தம் குறையும், ஆனால் சாக்ஸபோன் மூக்கடைத்ததைப்போல இருக்கும். தள்ளி வைத்தால் முழு ஒலியும் கிடைக்கும், கூடவே மேடையிலுள்ள எல்லாமே உள்ளே நுழையும். கருவியிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய மைக்குகள் பரவுவதற்கு முன்னால் ஊதுபவர் மைக் ஸ்டாண்டின் எதிரே அசையாமல் நிற்கவேண்டும். 1970களின் பதிவுகளில் சாக்ஸபோன் சட்டென்று பெரிதாகவும் சட்டென்று தொலைவிலும் கேட்டால், அவர் அங்கே ஒரு அடி நகர்ந்திருக்கிறார் என்று பொருள். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

விவாதத்தைப் பற்றி ஒன்று மட்டும். மனப்பாடமான வாசிப்பு எளிது, புதிதாக ஊதுவது கடினம் என்ற தொனி ஏழெண்ணத்தின் எழுத்தில் இருக்கிறது. ஊதிப்பார்த்தவளாகச் சொல்கிறேன், தம்பி: ஆயிரம் பேருக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு சங்கதியை ஊத நிற்கும்போதுதான் எனக்கு வாய் உலர்ந்திருக்கிறது. புதிதாக ஊதும்போது தவறு நேர்ந்தால் எனக்கு மட்டுமே தெரியும்.

பதிவு 6 – ஏழெண்ணம்

அக்கா, அந்தத் தொனி தவறுதான். மன்னிக்கவும். கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

பதிவு 7 – மழைநேரம்

தனி வாசிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். சாக்ஸபோன் பாடகருக்குப் பதில் சொல்லும் வேலையும் செய்கிறது. என்னைப் பொறுத்தவரை ராக் மேடைப்பதிவுகளில் அதைவிடப் பெரிய வேலை கிடையாது. அதற்கு ஒரே தட்டு போதும்: வான் மாரிசனின் 'இட்ஸ் டூ லேட் டு ஸ்டாப் நவ்', 1974.

1973ஆம் வருடப் பயணம். லாஸ் ஏஞ்சலஸ் ட்ரூபடோர், சாண்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியம், லண்டன் ரெயின்போ ஆகிய மூன்று இடங்களில் பதிவு. கலிடோனியா சோல் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர் வைத்த பதினோரு பேர் குழு, வயலின்கள் உட்பட. சாக்ஸபோன் ஜாக் ஷ்ரோயர். பிறகு ஸ்டூடியோவில் ஒரு சுரமும் சேர்க்கவில்லை. அந்தக் காலத்து மேடைப்பதிவுகளில் பலவற்றில் பாடகர் குரலையே வீட்டுக்குப்போய் மறுபடி பாடிச் சேர்ப்பார்கள். மாரிசன் மறுத்துவிட்டார். கிட்டாரில் ஒரு சுரம் பிசகியதற்காக 'மூன்டான்ஸ்' பாட்டையே தட்டிலிருந்து எடுத்துவிட்டார். தன் பாட்டுகளில் மிகப் பிரபலமான ஒன்றை! திருத்திச் சேர்ப்பதைவிட விட்டுவிடுவது மேல் என்று நினைத்த மனிதர்.

ஷ்ரோயர் எங்கே ஊதுகிறார் என்பதைவிட எங்கே ஊதாமல் நிற்கிறார் என்று கவனியுங்கள். மாரிசன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிரவல் செய்வதைப்போலத் திரும்பத் திரும்பப் பாடுவார், சட்டென்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஒரு சிறு சங்கதி வைத்துவிட்டு விலகுகின்றன. அது எழுதிவைத்த சங்கதிதான். ஆனால் எந்த நொடியில் வரவேண்டும் என்பது அன்றைய மாரிசனின் மூச்சைப் பார்த்து முடிவாகிறது. கடைசிப் பாட்டு 'சைப்ரஸ் அவென்யூ'. குழு முழுவதும் நின்றுவிடுகிறது, கூட்டம் கத்துகிறது, அவர் காத்திருக்கிறார், இவர்களும் காத்திருக்கிறார்கள். ஆல்பத்தின் பெயரான அந்த வாக்கியத்தைக் கத்திவிட்டுப் போய்விடுகிறார்.

எழுதிவைத்த சங்கதியை எழுதிவைக்காத நேரத்தில் ஊதுவது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள், கடலோரக்காற்று?

பதிவு 8 – கடலோரக்காற்று

என் பக்கம் சேர்த்துக்கொள்ளவே ஆசை, ஆனால் நேர்மையாக அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். கிங் கர்ட்டிஸ் கேட்டு முடித்தேன். பழந்தட்டு ஐயா சொன்ன 'ர', 'ல' எனக்கும் கேட்டது. 'எர்த்பவுண்ட்' தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் குழந்தை தூங்குகிறது.

பதிவு 9 – ஏழெண்ணம்

காலின்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் அவர் ஒரே ஆளாக இந்த விவாதத்தின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார். கிரிம்ஸனில் கட்டவிழ்த்து ஊதிய அவரே ரோலிங் ஸ்டோன்ஸின் 'மிஸ் யூ' பாட்டில் சாக்ஸபோன் ஊதியவர். 1983 ஜூலையில், உங்கள் அதே ஹேமர்ஸ்மித் ஓடியனில், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவோடு நின்றார். 'ஆல்கமி' என்று 1984இல் வந்தது. அதில் 'டூ யங் லவர்ஸ்' கேளுங்கள். பழந்தட்டு ஐயா சொன்ன 1950களின் ஊதல் அப்படியே திரும்பி வருகிறது, குறும்பும் துள்ளலுமாக. 'எர்த்பவுண்ட்' ஆள் இவர்தானா என்று நம்ப முடியாது. பிறகு 2014 முதல் கிரிம்ஸன் மறுபடி எழுந்தபோது, மூன்று டிரம்ஸ்காரர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்த அந்தக் குழுவில், பின்வரிசையில் நின்று ஊதினார். 'லைவ் இன் டொரண்டோ' 2015 நவம்பர் 20 அன்று பதிவானது. அதே 'ஸ்கிட்ஸாய்டு மேன்', நாற்பது வருடங்கள் கழித்து. கோபம் போயிருக்கிறது. பழைய பாட்டுகளின் துண்டுகளை ஊடே நுழைத்து விளையாடுகிறார்.

இன்னொன்று. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது. கிட்டார் தனி வாசிப்பு வரும்போது நான்குக்கு மாறிவிடுகிறார்கள். சாக்ஸபோன் மட்டும் அந்த ஏழிலேயே ஊதவேண்டும். டிக் பாரி 1973 தட்டில் அதைச் செய்தார். கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்தே அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மருக்கு நண்பர். 1974இல் வெம்பிளியில் செய்ததும் பிற்பாடு வெளிவந்தது. 1994ஆம் வருடப் பயணத்தில் பதிவாகி 1995இல் வந்த 'பல்ஸ்' ஆல்பத்திலும் அவரே. நடுவில் 1988இல் வந்த 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' ஆல்பத்தில் ஊதியவர் ஸ்காட் பேஜ். சோவியத் விண்வெளி வீரர்கள் மீர் நிலையத்துக்கு எடுத்துப்போன கேசட் அது. பேஜ் திறமைசாலி. ஆனால் பாரிக்கு அந்த ஏழு எண்ணிக்கை ஒரு படிக்கட்டைப்போல. கால் பார்க்காமல் இறங்குகிறார்.

பதிவு 10 – டெனர்க்காரி

பாரியைப் பேசினால் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' விட முடியாது. முதலில் டெனரைவிடப் பெரிய பாரிடோன் சாக்ஸபோன், பிறகு நடுவிலேயே டெனருக்கு மாறுகிறார். ஒரு பெரிய கருவியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு வாயை மறுபடி பொருத்துவது சில நொடிகளில் நடக்கிற வேலையல்ல. மேடையில் அதைச் செய்வதை 'பல்ஸ்' பதிவில் கேட்கும்போதெல்லாம் என் தோள் தானாக அசைகிறது.

2006 ஆகஸ்ட் 26 அன்று போலந்தின் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் கில்மர் நடத்திய கச்சேரியும் இருக்கிறது. 'லைவ் இன் கடான்ஸ்க்'. அங்கேயும் பாரி. கில்மருடன் ரிச்சர்ட் ரைட் கீபோர்டில் இருந்தார். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் இறந்தார், ஒரு வாரம் கழித்து ஆல்பம் வெளிவந்தது. இரவு, கடற்காற்று, திறந்த வெளி. குளிர்ந்த காற்றில் கருவியின் சுருதி கீழே இறங்கும், ஊதுபவர் உதட்டால் அதைத் தூக்கிப்பிடிக்கவேண்டும். அதையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

பதிவு 11 – பழந்தட்டு

பாபி கீஸ் பெயர் இன்னும் வரவில்லையே. டெக்சாஸில் ஸ்லேட்டன் என்ற சிற்றூரில் 1943 டிசம்பர் 18 அன்று பிறந்தவர். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் பிறந்ததும் அதே நாள், அதே வருடம்.

அவர் எத்தனை மேடைகளில் நின்றார் என்று எண்ணி முடியாது. நான் முதலில் கையில் கொடுப்பது 'மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலிஷ்மென்', ஜோ காக்கர், 1970. மார்ச் 27, 28 தேதிகளில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட். லியான் ரஸ்ஸல் நடத்திய அந்தக் கூட்டத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் ஊதுவாத்தியம் இரண்டே இரண்டு: கீஸின் டெனர், ஜிம் பிரைஸின் டிரம்பெட். அத்தனை பெரிய கூட்டத்துக்கு இரண்டு பேர் மட்டும் எப்படிப் போதுமானார்கள் என்பதை எத்தனை முறை கேட்டாலும் வியக்கிறேன். நுணுக்கமான வாசிப்பு எதுவுமில்லை. பாட்டின் இடுப்பில் இடிப்பதைப்போல ஒரு தள்ளு, அவ்வளவுதான். காக்கர் அந்தத் தள்ளலில் முன்னே விழுந்து பாடுகிறார்.

ஸ்டோன்ஸின் 'பிரௌன் ஷுகர்' பாட்டில் அவர் செய்த தனி வாசிப்பு மிகச் சிறியது. இருபது வருடங்கள் கழித்து, 1991இல் வந்த 'ஃப்ளாஷ்பாயிண்ட்' மேடைப்பதிவிலும் அதையே ஊதுகிறார். கடலோரக்காற்றின் கட்சிக்கு நான் கொடுக்கும் சாட்சி இது. சிறியதாக இருந்தும் யாரும் மாற்றத் துணியவில்லை, அவரும் துணியவில்லை. 2014 டிசம்பர் 2 அன்று போய்ச்சேர்ந்தார்.

இவருக்கு எதிர்த்திசையில் வேண்டுமானால் பாடகர் டேவிட் போவியின் 'டேவிட் லைவ்', 1974. பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்திலுள்ள டவர் தியேட்டரில் ஜூலை மாதம் பதிவானது. போவி தானே சாக்ஸபோன் கற்றவர், சிறுவயதில் ரானி ராஸ் என்ற பாரிடோன் கலைஞரிடம். அப்படிப்பட்டவர் இந்தக் குழுவில் டேவிட் சான்பார்னின் ஆல்டோவுக்கு இடம்விட்டார். சான்பார்ன் பாட்டுக்குள்ளே புகுந்து புகுந்து அழுகிறார். சில இடங்களில் அதிகம் என்றுகூடத் தோன்றும். எனக்கு அந்த அதிகமே பிடிக்கிறது.

பதிவு 12 – மழைநேரம்

இரண்டு தட்டுகளை அவசரமாகச் சேர்த்துவிடுகிறேன். சூப்பர்டிராம்ப் குழுவின் 'பாரிஸ்', 1980இல் வந்தது, பெரும்பகுதி 1979 நவம்பர் 29 அன்று பதிவானது. ஜான் ஹெலிவெல் 'தி லாஜிக்கல் சாங்' பாட்டில் தட்டில் உள்ளதை ஒட்டியே ஊதுகிறார், பாட்டுகளுக்கு நடுவே கூட்டத்தோடு பேசுவதும் அவரே. மற்றது, மார்ஃபின் குழுவின் 'பூட்லெக் டெட்ராய்ட்'. இரண்டே தந்தி உள்ள பேஸ், டிரம்ஸ், டேனா காலியின் பாரிடோன். கிட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. சாக்ஸபோன் கிட்டாரோடு சண்டைபோட வேண்டாத ஒரு ராக் மேடை எப்படி ஒலிக்கும் என்பதற்கு அதைக் கேட்கலாம். டெனர்க்காரி அக்காவுக்கு அது பிடிக்கும்.

பதிவு 13 – டெனர்க்காரி

பிடிக்கும் என்று சொல்வது போதாது. பல வருடங்களாக அந்தத் தட்டோடு சேர்ந்து ஊதிப் பழகுகிறேன்.

பதிவு 14 – கடலோரக்காற்று

இரண்டு நாள் கேட்டேன், ஐந்து நாள் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டேன். 'எர்த்பவுண்ட்' உட்பட, ஹெட்ஃபோனோடு.

ஏழெண்ணம், 'பியோரியா' எனக்குப் பிடித்துவிட்டது. 'ஸ்கிட்ஸாய்டு மேன்' இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் காலின்ஸ் மைக்குக்குள் அழுத்தி ஊதும் இடத்தில் ஒலி நசுங்குகிறதே, அது அன்றைய அறை எவ்வளவு சத்தமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. நல்ல கருவியில் பதிவாகியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

மழைநேரத்தின் கேள்விக்கு வருகிறேன். கல்பிதம், மனோதர்மம் என்று நான் போட்ட கோடு வான் மாரிசன் தட்டில் நிற்கவில்லை. கிங் கர்ட்டிஸ் தட்டில் நிற்கவில்லை. யோசித்துப்பார்த்தால் ஹேமர்ஸ்மித்திலும் நிற்கவில்லை. நான் அங்கே ரசித்தது சுரங்கள் மாறாததை அல்ல. அந்தக் கூடுதல் கணத்தை. அது கிளெமன்ஸ் அன்று எடுத்த முடிவு. தொடக்கப் பதிவில் நானே அதை எழுதிவிட்டு, அதற்கு எதிரான கட்சியையும் கட்டியிருக்கிறேன். கட்சியை மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். 1986இல் வந்த 'லைவ் 1975–85' பெட்டியில் நாற்பது பாட்டுகள் உண்டு. 'ஜங்கிள்லேண்ட்' இல்லை. 1978இல் லாஸ் ஏஞ்சலஸ் ராக்ஸி அரங்கில் ஊதிய 'பாரடைஸ் பை தி சி' இருக்கிறது. பாட்டு வரிகளே இல்லாமல் கிளெமன்ஸை முன்னால் நிறுத்தும் அருமையான ஆட்டம், அது எனக்கு வேண்டும்தான். ஆனாலும் நாற்பதில் அந்த ஒன்றுக்கு இடம் இல்லாமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கிளெமன்ஸ் 2011 ஜூன் 18 அன்று இறந்தார். அவருக்குப் பின் அண்ணன் தம்பி வழி மகனான ஜேக் குழுவில் சேர்ந்தார். அதன் பிறகு 'ஜங்கிள்லேண்ட்' பல மாதங்கள் மேடைக்கு வரவேயில்லை. 2012 ஜூலை 28 அன்று ஸ்வீடனின் கோத்தன்பர்கில் முதன்முதலாக ஜேக் அதை ஊதினார். அங்கே ஒரு சுரத்தை மாற்றியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாற்றவில்லை. டெனர்க்காரி அம்மா சொன்ன உலர்ந்த வாய் அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பதிவு 15 – புதுக்காது

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவும் நானும் ஹேமர்ஸ்மித் 'ஜங்கிள்லேண்ட்' கேட்டோம். அப்பாவுக்குப் பாட்டு புரியவில்லை. சாக்ஸபோன் வந்ததும் ரேடியோவுக்குச் சத்தம் கூட்டுவதைப்போலக் கையைக் காட்டினார். முடிந்ததும், "சுருதி கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனால் இறக்கிவிடாதே" என்றார். மறுபடி போட்டேன். அடுத்த ஞாயிறு வான் மாரிசன் கேட்கப்போகிறோம். மழைநேரம், அதே பயணத்தின் மற்ற பதிவுகள் 2016இல் வந்தனவாமே, அவற்றை இந்தத் தட்டுக்குப் பிறகு கேட்கவேண்டுமா, முன்பே கேட்கலாமா?

பதிவு 16 – மழைநேரம்

பிறகு. முதலில் 1974 தட்டை நான்கு பக்கமும் வரிசையாக, ஒரே இருப்பில். அப்பாவையும் உட்காரவையுங்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.